கடைமடைக்காரரின் கை

ஐப்பசி போய்க் கார்த்திகை பிறக்கும் வாரங்களில் வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு செய்தி பேருந்துக்குப் பேருந்து தாவிக்கொண்டிருக்கும்: "எங்க ஏரி கோடி போகுது." இதையே திருநெல்வேலிக்காரர் "குளம் மறுகால் பாயுது" என்பார். ஏரி நிறைந்துவிட்டது, தாங்க முடியாத தண்ணீரைக் கலங்கல் வழியே வெளியே விடுகிறது என்பதுதான் விஷயம். பிள்ளைகள் குளிக்க ஓடுவார்கள். பெரியவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போவார்கள். சில ஊர்களில் பூப்போட்டுக் கற்பூரம் காட்டுவதும் உண்டு.

அந்த மகிழ்ச்சிக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் ஓராண்டில் பெய்யும் மழை, சராசரியாக 900 முதல் 1,000 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்கிறது. அந்த மூன்று மாதங்களிலும் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகும் சில நாட்களில்தான் பெரும்பகுதி கொட்டித் தீர்க்கிறது. நெல்லோ நான்கு மாதம் வயலில் நிற்கிற பயிர்; ஒரு போகத்துக்குச் சுமார் 1,200 மி.மீ. தண்ணீர் கேட்கும். பெய்கிற நாள் வேறு, பயிர் கேட்கிற நாள் வேறு. இந்த இரண்டு நாட்களுக்கும் நடுவில் எழுப்பிய மண்சுவர்தான் ஏரிக்கரை.

அப்படிப்பட்ட மண்சுவர்கள் தமிழ்நாட்டில் 39,000-க்கு மேல் இருக்கின்றன. வடக்கே ஏரி, மதுரைக்குக் கிழக்கேயும் தெற்கேயும் கண்மாய், நெல்லையில் குளம், சின்னதாக இருந்தால் தாங்கல், ஏந்தல். குடிக்கிற தண்ணீருக்கு மட்டும் தனியாக ஊருணி. இவற்றில் பாதிப் பெயர்கள் இன்று ஊர்ப்பெயர்களின் வாலாக மட்டுமே மிஞ்சியிருக்கின்றன.

ஏரியைத் தோண்டுவதில்லை, கட்டுகிறார்கள். லேசாகச் சரிந்து போகும் நிலத்தில், தாழ்ந்த பக்கம் மட்டும் பிறை வடிவில் ஒரு கரை. மற்ற பக்கங்களில் நிலத்தின் ஏற்றமே கரையாகிவிடும். கொஞ்சம் மண்வேலையில் நிறையத் தண்ணீரை நிறுத்திவிடலாம். ஆனால் ஆழம் கிடைக்காது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 ஹெக்டேர் பரப்பில் சராசரி ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும் ஓர் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். கொள்ளளவு 15 லட்சம் கன மீட்டர். திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 5 மி.மீ. ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், 90 நாளில் 45 செ.மீ. போய்விடும். மொத்த ஆழத்தில் முப்பது விழுக்காடு! தண்ணீர் வற்ற வற்றப் பரப்பும் சுருங்கும் என்பதால் உண்மையான இழப்பு இதைவிடக் குறைவுதான். ஆனாலும் வெயில் தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்கிறது, அடுத்து மண் தன் பங்கை உறிஞ்சுகிறது, அதற்குப் பிறகுதான் உழவரின் முறை.

அந்த ஏரிக்கு 120 ஹெக்டேர் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், இருந்தால், நெல்லுக்குத் தேவை 14.4 லட்சம் கன மீட்டர். ஒரே தடவை நிறைந்தால் போதாது என்பது இப்போது புரிந்திருக்கும். வயல்மேல் நேராகப் பெய்கிற மழையும், ஏரிக்கு இரண்டாவது தடவை வருகிற வரத்தும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும். எல்லாம் கூடிவந்தாலும் விளிம்பில் நிற்கிற கணக்கு இது. ஒரு தப்படி பிசகினால் யாரோ ஒருவருடைய வயல் காயும். யாருடைய வயல் காய வேண்டும் என்று முடிவு செய்வதும் ஏரியின் பொறியியலில் ஒரு பகுதிதான். அந்தப் பகுதியைப் பற்றித்தான் இந்த அத்தியாயம்.

முதலில் கல்லையும் மண்ணையும் பார்த்துவிடுவோம். கரைக்கு அடியில் மதகு, அதாவது மடை. பாண்டிய நாட்டுப் பழைய கண்மாய்களின் உள்ளே, கரையிலிருந்து சற்றுத் தள்ளி, இரண்டு கல்தூண்கள் தனியாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வாசல் இருந்த இடத்தில் வீடு இல்லாமல் போனதுபோல் இருக்கும். அதுதான் குமிழித் தூம்பு. தூண்களுக்கு நடுவே அடியில் ஒரு கல்தொட்டி. தொட்டியின் மேல்பலகையில் நீரோடித் துளை, தரையை ஒட்டிச் சேறோடித் துளைகள். மேல்துளையின் அடைப்பைத் தூக்கினால் தண்ணீர் சுழன்று இறங்கும். கீழ்த்துளைகள் வழியே அடியில் தங்கிய வண்டலும் கலந்து வெளியேறி வயலுக்குப் போகும். ஏரி தன்னைத் தானே கொஞ்சம் தூர்வாரிக்கொள்கிறது, வயலுக்கு எருவும் கிடைக்கிறது. தடுப்புக்குப் பக்கத்தில் வேகம் குறைந்தால் நீர் சுமந்துவந்த மண் படியும், வேகம் கூடினால் கிளம்பும் என்கிற இயற்பியலை எந்தச் சூத்திரமும் எழுதாமல் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

கரையின் ஓரத்தில் கலங்கல். வெள்ளம் வந்தால் கரைமேல் ஏறி வழியவிடக் கூடாது. மண்கரையின் தலைமேல் தண்ணீர் ஏறினால் சில மணி நேரத்தில் அரித்துத் தின்றுவிடும். அதனால் கரையைவிடத் தாழ்வாக, கல்லால் கட்டிய ஒரு வழி. அதன்மேல் வரிசையாக நட்ட கற்களை இன்றும் பழைய கலங்கல்களில் காணலாம். மழைக்காலம் முடிகிற சமயத்தில் அந்தக் கற்களுக்கு இடையே பலகையும் களிமண்ணும் வைத்து அடைத்தால், ஏரியில் இன்னும் ஓரிரு அடி தண்ணீர் நிற்கும். ஆயக்கட்டுக்காரருக்குக் கொண்டாட்டம். ஆனால் நீர்ப்பிடிப்புப் பக்கம் நிலம் வைத்திருப்பவரின் பயிர் மூழ்கும். கலங்கலுக்குக் கீழே காத்திருக்கும் அடுத்த ஊர் ஏரிக்கு வரத்து குறையும்.

அடுத்த ஊர் ஏரி என்பதுதான் முக்கியம். தமிழகத்து ஏரிகள் தனித்தனியாக இல்லை. ஒன்றின் கோடி இன்னொன்றின் வரத்து. மேல் ஏரி வழிந்தால்தான் கீழ் ஏரி நிறையும். இலங்கையின் வறண்ட வலயத்திலும் இதே சங்கிலிதான். சிங்களத்தில் எல்லங்காவ என்று பெயர். சங்கிலியில் மேலே இருக்கும் ஊர் கலங்கலை ஒரு சாண் உயர்த்தினால், அதற்குக் கீழேயுள்ள எல்லா ஊர்களுக்கும் அது ஒரு செய்தி. நூற்றாண்டுக் கணக்கில் வெட்டுக்குத்து நடந்த இடம் கலங்கல்தான். பக்தியோடு பூப்போடுகிற இடமும் அதுவே.

இனி ஊருக்குள் வருவோம். மடையிலிருந்து கிளம்பும் வாய்க்காலில் முதல் வயல் தலைமடை, கடைசி வயல் கடைமடை. மண் வாய்க்கால் வழியெல்லாம் கசியும். நண்டுவளை வழியே ஓடும். தலைமடைக்காரர் இரவில் வந்து வரப்பில் ஒரு வெட்டு வெட்டினால் அவ்வளவுதான். எதுவும் செய்யாமல் விட்டாலே தலைமடைக்குக் கூடுதலாகவும் கடைமடைக்குக் குறைவாகவும் போய்ச்சேரும். அநியாயம் நடக்க யாரும் கெட்டவராக இருக்கத் தேவையில்லை, நிலத்தின் சரிவே போதும்.

அதைச் சமன்செய்யத்தான் ஒரு மனிதர். காஞ்சிபுரம் பக்கம் நீர்க்கட்டி, தெற்கே நீர்ப்பாய்ச்சி, மடைக்குடும்பன், கம்புகட்டி. மடையை எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை, எல்லாம் அவர் கையில். பார்க்க எளிதாகத் தெரிகிற வேலை. உண்மையில் அப்படியில்லை. ஒரு துளை வழியே வெளியேறும் நீரின் வேகம், அதன்மேல் நிற்கும் நீரின் உயரத்தைப் பொறுத்தது. உயரம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால் வேகம் பாதியாகும். கார்த்திகையில் ஒரு மணி நேரம் திறந்தால் பாய்ந்த வயலுக்குத் தையில் இரண்டு மணி நேரம் வேண்டும். அந்தத் தையில்தான் நெல் கதிர்விட்டுப் பால்பிடிக்கும். பயிர் மிக அதிகமாகக் கேட்கிற வாரத்தில் ஏரி மிகக் குறைவாகக் கொடுக்கும். "கடைசி ரெண்டு தண்ணி பத்தாம கருகிப்போச்சு" என்று எந்த ஊர்ப் பெரியவரும் சொல்வார். அந்த இரண்டு தண்ணீரை ஐப்பசியிலேயே கணக்கில் ஒதுக்கிவைப்பதுதான் நீர்க்கட்டியின் அறிவு.

அவருக்குக் கூலி, அறுவடையில் ஒவ்வொரு வயலிலிருந்தும் கொஞ்சம் நெல். எல்லா வயலும் விளைந்தால்தான் எல்லா வயலிலிருந்தும் கூலி வரும் என்பதால் கடைமடை காய்வது அவருக்கும் நட்டம். பல ஊர்களில் இந்த வேலையைச் செய்தவர்கள் சொந்த நிலம் இல்லாத தலித்துகள். "அவனுக்கு வயல் கிடையாது, அதனால ஓரவஞ்சனை பண்ண மாட்டான்" என்று இதற்கு ஒரு நியாயம் சொல்லப்பட்டது. ஊர் முழுவதன் தண்ணீரையும் தொட்டுப் பிரித்துக் கொடுத்தவர், ஊர்க்கிணற்றில் ஒரு குடம் தண்ணீர் மொள்ள முடியாதவராக இருந்தார். ஏரிப் பாசனத்தைப் புகழும் கட்டுரைகளில் இந்த வரி வழக்கமாக வருவதில்லை.

பழைய ஊராட்சியின் பெருமைக்கு உத்திரமேரூரைக் காட்டுவது வழக்கம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறித்த கல்வெட்டுகள். ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஏரி வாரியம், குடவோலையில் தேர்ந்த ஆறு பேர், ஓராண்டுப் பதவி, முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினர்களும் நிற்கவே முடியாது. இன்றைய கூட்டுறவுச் சங்கங்கள் படித்துப் பார்க்க வேண்டிய விதி! ஆனால் அது பிராமணர்களின் சபை. பொதுவாகக் கால்வேலிக்கு மேல் வரிசெலுத்தும் நிலம் இருந்தால்தான் குடத்தில் பெயர் விழும். செங்கல்பட்டு, தஞ்சைப் பகுதி மிராசு ஊர்களில் கரையீடு என்று ஒரு வழக்கம் இருந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சீட்டுப்போட்டு நிலத்தை மாற்றிக்கொள்வார்கள். இந்தத் தடவை கடைமடை கிடைத்தவருக்கு அடுத்த தடவை தலைமடை கிடைக்கலாம். நேர்த்தியான ஏற்பாடுதான். ஆனால் சீட்டில் மிராசுதாரர்களின் பெயர் மட்டும்தான் இருந்தது. அந்த நிலத்தில் ஏர் பிடித்தவருக்குச் சீட்டு இல்லை.

இந்த வகை ஏற்பாடுகளில் எனக்குப் பிடித்தது இலங்கையின் பெத்ம. மழை பொய்த்து ஏரி பாதிதான் நிறைந்தால், மொத்த ஆயக்கட்டையும் நனைக்கப் பார்க்க மாட்டார்கள். மடைக்குப் பக்கத்தில் இருக்கும் நிலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை அந்தப் போகத்துக்கு மட்டும் எல்லோருக்கும் அவரவர் பங்கின் விகிதத்தில் பிரித்துக் கொடுப்பார்கள். தலைமடைக்காரர் தன் வயலின் ஒரு பகுதியை இன்னொருவர் உழ விடுகிறார். நீரியல்படியும் இதுதான் சரி: நீண்ட வாய்க்காலில் கசிவது மிச்சம், அரைகுறையாக நனைந்து முழுவதும் கருகுவதைவிடப் பாதி நிலம் முழுதாக விளைவது லாபம். ஆனால் தலைமடைக்காரர் ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்? அவருக்கு என்ன தலைவிதி?

ஒத்துக்கொள்ள மாட்டார் என்றுதான் பலரும் சொல்வார்கள். 1968-ல் கேரட் ஹார்டின் என்கிற அமெரிக்க உயிரியலாளர், பொதுச் சொத்து என்றாலே அது பாழாய்ப் போகும், அவரவர் லாபத்துக்கு அவரவர் மேய்ப்பார்கள் என்று எழுதினார். உலகம் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது. எலினார் ஆஸ்ட்ரம் அதை மறுத்து நேரில் போய்ப் பார்த்தவர். அதற்காகவே 2009-ல் பொருளாதார நோபல் பெற்றார். அவரும் அவருடைய குழுவினரும் நேபாளத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பாசன அமைப்புகளை ஒப்பிட்டார்கள். ஒரு பக்கம், அரசு கட்டிய நிரந்தரக் கான்கிரீட் தலைமதகுகள். இன்னொரு பக்கம், உழவர்களே கல்லும் மண்ணும் மரக்கிளையும் போட்டு ஆற்றை மறித்த தடுப்புகள். ஒவ்வொரு மழையிலும் அடித்துக்கொண்டு போகும், ஒவ்வோர் ஆண்டும் மறுபடி போட வேண்டும். எதில் கடைமடைக்குத் தண்ணீர் நன்றாகப் போய்ச்சேர்ந்தது? பொறியாளர்கள் எதிர்பார்த்தது முதலாவது. விடை இரண்டாவது.

காரணம் நுட்பமானது. ஆண்டுதோறும் அடித்துக்கொண்டு போகும் தடுப்பைத் திரும்பக் கட்டத் தலைமடைக்காரர்கள் மட்டும் போதாது. கடைமடைக்காரர்களின் கையும் வேண்டும். தண்ணீர் வராத வாய்க்காலுக்கு எவர் மண்வெட்டி தூக்கி வருவார்? ஆக, அவர்களுக்குத் தண்ணீர் விட்டே ஆக வேண்டும். கான்கிரீட் வந்ததும் அந்தத் தேவை போய்விட்டது. தலைமடைக்காரருக்கு இனி யாருடைய கையும் வேண்டாம். தடுப்பு உறுதியானது, பேரம் உடைந்தது.

இதைப் படித்தபோதுதான் நம் ஏரிகள் எனக்குப் புரிந்தன. ஊரார் தாமே கூடி ஏரியைப் பராமரிக்கும் குடிமராமத்தை நாம் ஊர் ஒற்றுமையின் அடையாளமாகப் பாடுகிறோம். கோடையில் வரத்துக்கால் வெட்டுவதும், கரைக்கு மண் போடுவதும், வெள்ள நாளில் இரவெல்லாம் தீப்பந்தத்தோடு கரையில் நிற்பதும் அன்பினால் நடந்தவை அல்ல. ஒருவர் கை இல்லாமல் இன்னொருவர் வயல் நனையாது என்ற நிலை அது. ஒரு வேலை என்பது ஒரு வாக்குரிமை. மண்வெட்டி தூக்கியவருக்குத் தண்ணீர் கேட்கும் வாய் இருந்தது.

மானிடவியலாளர் டேவிட் மோஸ் ராமநாதபுரம், சிவகங்கைச் சமவெளிக் கண்மாய்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 2003-ல் ஒரு நூல் எழுதினார். மேட்டுப் பகுதிச் செம்மண் ஊர்களில் நீர்ப் பங்கீட்டு விதிகள் தளர்ந்தோ மறைந்தோ போயிருந்தன. கீழே கரிசல் ஊர்களில் நீர்ப்பாய்ச்சிகளோடும் கறாரான முறையோடும் அவை உயிரோடு இருந்தன. செம்மண் பூமியில் கிணறு தோண்டலாம். கரிசலில் கிணற்றை நம்பிப் பிழைக்க முடியாது, கண்மாயை விட்டால் கதியில்லை. மோஸ் இதை மண்ணோடு மட்டும் நிறுத்தவில்லை, சாதியும் பழைய பாளையக்காரர்களின் அதிகாரமும் இதில் கலந்திருப்பதையும் காட்டினார். தானாக இயங்கிய கிராமக் குடியரசு என்ற படம் பாதிக் கற்பனை. கண்மாய் வெட்டியவரும் அதற்கு மானியம் விட்டவரும் கௌரவத்துக்காகவும் அதிகாரத்துக்காகவும் செய்தார்கள் என்பது அவர் வாதம். சரியாகத்தான் படுகிறது.

அந்த மானியங்களைக் கிழக்கிந்தியக் கம்பெனியும் பின்வந்த ஆட்சியும் பெரிதும் கரைத்துவிட்டன. ஏரி விளைச்சல்தான் வரிவருமானம் என்பதால் அவர்களுக்கும் ஏரிமேல் அக்கறை இருந்தது. 1790-களில் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ், மதுராந்தகம் ஏரிக்கரை உடையாமல் ராமனும் இலக்குவனும் காவல் நின்றதைக் கண்டதாக ஒரு கதை உண்டு. அங்கே ராமருக்கு இன்றும் ஏரி காத்த ராமர் என்றுதான் பெயர். ஆனால் கரையைக் காத்த மனிதர்களுக்கு விட்டிருந்த மானிய நிலத்தையும் விளைச்சல் பங்கையும் அரசு எடுத்துக்கொண்டுவிட்டு, வேலையை மட்டும் பழைய வழக்கப்படி செய் என்றது. யாரும் வராதபோது 1858-ல் சட்டம் போட்டது: கரை உடையும் ஆபத்தில் வேலைக்கு வர மறுத்தால் தண்டனை. பேரமாக இருந்தது கட்டாயமாக மாறியது. 1905-ல் வந்த நில ஆக்கிரமிப்புச் சட்டம் நீர்நிலைகள் எல்லாம் அரசின் உடைமை என்றது. அதற்குப் பிறகு ஏரி, ஊராருக்கு "கவர்மென்ட் ஏரி" ஆனது.

ஆனாலும் ஏரியைக் கொன்றது வெள்ளைக்காரன் என்று முடித்துவிட்டால் வசதியாக இருக்கும், உண்மையாக இருக்காது. 1960-களின் தொடக்கத்தில்கூடத் தமிழ்நாட்டில் 9 லட்சம் ஹெக்டேருக்கு மேல் ஏரிப்பாசனம் இருந்தது. சரிவு அதற்குப் பிறகுதான். நேபாளத்தில் கான்கிரீட் செய்ததை இங்கே செய்தது பம்புசெட்.

நிலத்தடி நீர் பற்றி நம் சட்டம் 1882-லிருந்து சொல்வது: நிலம் யாருடையதோ, அதற்கடியில் எடுக்கும் தண்ணீரும் அவருடையது. 1990-களிலிருந்து வேளாண் பம்புசெட்டுக்கு மின்சாரம் முழுக்க இலவசம். இன்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள். இலவச மின்சாரத்தை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. மூன்று ஏக்கர்க்காரரின் கடைசி இரண்டு தண்ணீரை அது எத்தனையோ ஆண்டுகள் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் ஆயக்கட்டுக்குள் கிணறு வைத்தவர் ஏரிக்கரைக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினார். வரத்துக்கால் வெட்ட அவர் கை வரவில்லை. அறுவடையில் நீர்க்கட்டிக்கு அளக்கும் நெல்லையும் நிறுத்தினார். "எனக்கு நீ பாய்ச்சலையே" என்பது அவர் கேள்வி. நீர்க்கட்டியின் மகன் ஊரைவிட்டுப் போனார். அவர் போனதில் எனக்கு வருத்தமில்லை, அந்த வேலையோடு ஒட்டியிருந்த இழிவிலிருந்தும் அவர் போனார். அவரோடு போன கணக்குக்குத்தான் மாற்று எதுவும் வரவில்லை.

கிணற்றுக்காரர் தன் கிணறு தன்னுடையது என்று நினைக்கிறார். தமிழ்நாட்டு நிலத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடினப் பாறை. மணலைப்போல அது தண்ணீரைத் தேக்காது. மேலே சிதைந்த அடுக்கிலும் விரிசல்களிலும் மட்டும் கொஞ்சம் தங்கும். 100 லிட்டர் பாறைக்கு எடுக்கக்கூடிய நீர் ஒன்று முதல் மூன்று லிட்டர். இரண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேர் வயலுக்கு 50 மி.மீ. உயரத்துக்கு ஒரே ஒரு தண்ணீர் பாய்ச்ச, அந்த ஒரு ஹெக்டேருக்கு அடியில் நீர்மட்டம் இரண்டரை மீட்டர் இறங்க வேண்டும். நாலைந்து தண்ணீருக்கே கிணற்றின் அடி தெரிந்துவிடும். தெரியவில்லை என்றால், பக்கத்தில் இருக்கும் ஏரி அடியிலிருந்து நிரப்பிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மடை வழியாகப் போக வேண்டிய பங்கு பாறை வழியாகப் போகிறது, அவ்வளவுதான்.

ஏரி தூர்ந்தபின் அது தெரிய வரும். முதலில் திறந்த கிணறு வற்றும். வசதியுள்ளவர் அதற்குள்ளேயே போர் போடுவார். அதைவிட ஆழமாகப் பக்கத்துக்காரர் போடுவார். கடைசியாகப் போட்டவரிடம் தண்ணீர் இருக்கும், அதற்கு முன் போட்டவரிடம் கடன் இருக்கும். பாலாற்றுப் படுகை ஊர்களில் இந்த ஆழப்போட்டியையும், அதில் சிறு உழவர்கள் தோற்று வெளியேறுவதையும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய எஸ். ஜனகராஜன் நீண்டகாலம் பதிவு செய்திருக்கிறார். பழைய தலைமடை, கடைமடை வாய்க்காலில் கிடையாகக் கிடந்தது. புதியது செங்குத்தாக இறங்குகிறது. 300 அடிக்காரர் கடைமடை, 800 அடிக்காரர் தலைமடை. ஆனால் இந்த வாய்க்காலில் 800 அடிக்காரருக்கு எவருடைய கையும் தேவையில்லை.

நகரத்தில் கதை சீக்கிரமே முடிந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா இருக்கிறது. இரண்டிலும் லேக் இல்லை. வள்ளுவர் கோட்டமே ஏரி நிலத்தில் எழுந்ததுதான். 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிய சென்னைக்கு 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர்.

இப்போது ஏரி மீட்பு என்ற சொல் மறுபடி புழங்குகிறது. 2007-ல் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தனிச் சட்டம் வந்தது. 2017-ல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே அரசுத் திட்டம் வந்தது. வண்டல் மண்ணை உழவர்கள் இலவசமாக அள்ளிக்கொள்ளலாம் என்றும் ஆனது. வண்டல் அள்ளுவது நல்ல வேலை. ஏரிக்கு ஆழம், மானாவாரிச் செம்மண்ணுக்கு ஈரம் பிடிக்கும் களி. ஆனால் அளவோடு அள்ள வேண்டும். செங்கல் சூளைக்கும் சாலைக்கும் பொக்லைன் வைத்து ஓரிடத்திலேயே 20 அடி தோண்டினால், மடையின் மட்டத்துக்குக் கீழே ஒரு பள்ளம் உருவாகும். அதில் நிற்கும் தண்ணீர் ஒருநாளும் வாய்க்காலுக்கு வராது. மாடு விழுந்து சாகத்தான் உதவும்.

தூர்வாரும்போது யாரைக் கேட்கிறார்கள் என்பதையும் பாருங்கள். ஆயக்கட்டில் நிலம் இருப்பவரைக் கேட்பார்கள். ஏரி என்றால் அவருக்குப் பாசனம். கோரை அறுத்துப் பாய் பின்னுபவருக்கும், சக்கரத்துக்குக் களிமண் எடுப்பவருக்கும், கோடையில் வற்றிய தரையில் ஆடு மேய்ப்பவருக்கும், கடைசிச் சேற்றில் மீன் தடவுகிற பிள்ளைகளுக்கும் அது வேறு வேறு பொருள். மீன்பாசி ஏலமும் கருவேல மர ஏலமும் வந்தபின் இவர்களில் பலருக்கு ஏரிக்குள் இறங்கவே உரிமை போனது. ஏரியில் பங்கு என்று பேசினால் பட்டா இல்லாத இவர்கள் பெயரும் அதில் வர வேண்டும். வராவிட்டால் இன்னொரு கரையீட்டைத்தான் எழுதுகிறோம்.

கலங்கலுக்கும் மதகுக்கும் கான்கிரீட் பூசிப் பெயர்ப்பலகை வைத்துவிட்டு ஒப்பந்ததாரர் போய்விடுகிறார். கட்டுமானம் மோசம் என்று சொல்ல மாட்டேன், பல இடங்களில் நன்றாகவே இருக்கிறது. நேபாளத்திலும் நன்றாகத்தான் இருந்தது. பூசி முடித்த ஏரிக்கு 800 அடிக்காரர் ஏன் வர வேண்டும் என்பதற்கு அந்த மதிப்பீட்டில் எந்த வரியும் இல்லை.

அந்த வரியை எழுதிப் பார்த்த ஓர் ஊர், தமிழ்நாட்டுக்கு வெளியே, மகாராஷ்டிரத்தில், முன்பு அகமத்நகர் எனப்பட்ட அகில்யாநகர் மாவட்டத்தில் இருக்கிறது: ஹிவரே பஜார். மழை நம்முடையதில் பாதிகூட இல்லை, ஆண்டுக்குச் சுமார் 400 மி.மீ. பஞ்சம் பிழைக்க ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்த மக்கள், 1990-களில் போபட்ராவ் பவார் ஊர்த்தலைவராக இருந்தபோது மலைச்சரிவில் வரப்பு வெட்டி, மரம் நட்டு, தடுப்பணை கட்டினார்கள். இதெல்லாம் பல ஊர்களிலும் செய்ததுதான். அவர்கள் கூடுதலாகச் செய்தது, பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது என்று ஊரே முடிவெடுத்தது. கரும்பும் வாழையும் வேண்டாம் என்றும் முடிவெடுத்தது. எல்லோரும் திறந்த கிணறு. ஒருவர் கிணறு இறங்கினால் மற்றவர் கிணறும் இறங்கும், எவரும் கீழே ஓடித் தப்பிக்க முடியாது.

ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலம் முடிந்ததும் மழைமானியின் அளவையும் கிணறுகளின் மட்டத்தையும் குறித்துக்கொண்டு கிராமசபை கூடுகிறது. குடிக்க இவ்வளவு, மாட்டுக்கு இவ்வளவு என்று முதலில் ஒதுக்குகிறார்கள். மிச்சம் இருப்பதைப் பார்த்து எந்தப் பயிர், எத்தனை போகம் என்று பேசுகிறார்கள். மழை குறைந்த ஆண்டில் அடுத்த போகத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். கிணறு என்னுடையது, மோட்டார் என்னுடையது என்று சொல்லக்கூடியவர்களும் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.